பேர் சொல்லாத எண்ணெய்

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. யாராவது 'எண்ணெய்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். ஆளி விதை எண்ணெய் என்று சொல்லலாம், அதையே லின்சீட் என்று சொல்லலாம், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எதையும் முழுப் பேரோடு சொல்லலாம். வெறும் எண்ணெய் மட்டும் கூடாது. முதலாளியே இரண்டு தடவை மாட்டியிருக்கிறார். இரண்டாம் தடவை வடையும் சேர்த்து வாங்க வைத்தோம்.

போன சித்திரையோடு நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். தோள்பட்டை இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. பட்டறையில் இப்போது முக்கால்வாசி வேலை கம்ப்ரசரில் ஸ்பிரே அடிப்பதுதான். ஆனால் இந்த இரண்டு மூன்று வருஷமாக ஒரு புதுக் கூத்து. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "எங்களுக்கு ஆயில் ஃபினிஷ்தான் வேணும்" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு டின் வேறு வருகிறது. நாங்கள் காலம்பூராவும் கிண்ணத்தில் வைத்துத் தேய்த்ததையே டின்னில் அடைத்துப் பூப்படம் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு அந்தக் கைவாகு தெரியாததால் எனக்குப் போன் வரும். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒருத்தி, இந்த டீ சட்டத்தை யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்டாள். பாதி சொன்னேன். "எழுதிக் குடுத்துருங்கக்கா, மறந்து போயிரும்" என்றாள். மறந்து போவது எனக்கா அவளுக்கா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சோழபுரத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் வருஷம் ராஜபாளையத்தில் இந்த மரப் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்க வந்தேன். தேய்ப்பது பொம்பளை வேலை, பாலிஷ் போடுவது ஆம்பளை வேலை என்று அப்போது ஒரு கணக்கு. தேய்ப்பு சரியில்லை என்றால் எந்தப் பாலிஷும் நிற்காது. ஆனால் மேஜை நன்றாக வந்தால் பேர் பாலிஷ்காரருக்கு, நன்றாக வரவில்லை என்றால் பேச்சு எங்களுக்கு. நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. அதில் சொல்வதற்கு இருமலைத் தவிர ஒன்றும் இல்லை.

எங்களுக்கு மேலே வெங்கிடு மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பட்டறையில் எந்தப் பாஷையும் அவ்வளவாகப் பேச மாட்டார். வெள்ளை வேட்டியில்தான் வருவார், சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். ஒரு பலகையை நாங்கள் தேய்த்து முடித்தால் அதை விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார். புறங்கையால் ஒரு தடவு தடவுவார். விரல் நுனி காய்த்துப் போனது, அது பொய் சொல்லும், புறங்கை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கோபம் வந்தால் திட்டமாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த முதுகைப் பார்ப்பதற்குப் பதில் நாலு வசவு வாங்கிவிடலாம் என்று இருக்கும்.

ஒரு நாள் எண்ணெய் போடுகிற ஆள் வரவில்லை. மேஸ்திரி என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து ஒரு மேஜையைக் காட்டிவிட்டுப் போனார். நான் சந்தோஷமாகப் போட்டேன். அவர் அந்தப் பக்கமாகப் போனவர், பார்த்துவிட்டு "ஆகு" என்றார். ஆகும், நன்றாக வருகிறது என்று சொல்கிறார் போல என்று நினைத்து மேலும் ஒரு கை போட்டேன். திரும்ப வந்தார். "ஆகு, ஆகு" என்றார். இரண்டு தடவை பாராட்டு வாங்கிய முதல் பொம்பளை நான்தான் என்ற பெருமையில் இன்னும் ஒரு கை ஊற்றித் தேய்த்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மேஜை முழுக்கப் பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது.

"ஆகுன்னா எங்க பாஷையில நில்லுன்னு அர்த்தம்ட்டி" என்றார்.

"அதைத் தமிழ்ல சொல்லியிருக்கலாம்லா மேஸ்திரி?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முதுகைக் காட்டி நின்றார். போச்சு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தோள் குலுங்கியது, ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து எண்ணெய் வேலை எனக்கே வந்துவிட்டது. ஆம்பளைகள் யாரும் போட்டிக்கு வரவில்லை. ஸ்பிரிட் பாலிஷ் அன்றைக்கே பளபளக்கும், பார்க்கிறவர் வாயைப் பிளப்பார். எண்ணெய் வேலையில் பாதி நாள் சும்மா காத்திருக்க வேண்டும், அது அவர்களுக்கு ஆகாது.

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவதற்கு வேண்டும். முதலில் மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே உப்புத்தாள் தேய்க்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கீறல் பிற்பாடு காட்டிக் கொடுக்கும். தேய்த்ததும் ஈரத் துணியால் ஒரு தடவை துடைப்போம். படுத்திருந்த மரமயிர் எல்லாம் எழுந்து நிற்கும். அது காய்ந்ததும் மெல்லிய தாளால் திரும்பத் தேய்த்து அதை மட்டும் எடுத்துவிடுவோம். மரங்கள் ஒரே நிறமாக இல்லாவிட்டால் கலர் கொடுப்பது அதற்குப் பிறகு. மேலே தேக்கும் காலுக்கு வேம்பும் போட்ட மேஜை என்றால் வேப்பங்கால் வெளிறித் தெரியும். அம்பர் என்கிற பழுப்பு மண்பொடியையும் ஒரு சிட்டிகை காவியையும் லின்சீட்டில் குழைத்து, டர்பன்டைன் விட்டு இளக்கி, காலில் பூசி, அது முழுக்க இழுத்துக்கொள்வதற்குள் துடைத்துவிட வேண்டும். ஒரு கால் முடித்துத்தான் அடுத்த கால். நடுவில் டீக்குப் போனால் கோடு விழும்.

கலர் நன்றாக உலர்ந்த பிறகுதான் எண்ணெய். இதற்குத் துணி எங்கள் ஊரில் தாராளம். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் ராஜபாளையம். கழித்துப் போட்ட துண்டு மூட்டையாக வரும், பஞ்சு உதிராது. அதில் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும், மரம் குடிக்கிற வரை ஊற விட வேண்டும், குடிக்காமல் மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். தேய், ஊற விடு, எடு. மேஸ்திரிக்கு இந்த மூன்று வார்த்தை போதும். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் பாலாடை மேஜையே சாட்சி. பிறகு காற்றுப் படக் காயவிட்டு, அடுத்த பூச்சு. மெல்லிசாக, மெல்லிசாக. லின்சீட் காற்றில் கெட்டிப்பட்டு மரத்துக்கு உள்ளேயே ஒரு தோல் கட்டும், தண்ணீரோ ரசமோ சட்டென்று உள்ளே இறங்காது. சாப்பாட்டு மேஜை என்றால் கடையில் காய்ச்சி விற்பதைத் தொட மாட்டோம், அதில் சீக்கிரம் உலர மருந்து கலந்திருக்கும். செக்கில் ஆட்டிய பச்சை லின்சீட்தான் போடுவோம், காய்வதற்கு அது நம் பொறுமையை நன்றாகச் சோதிக்கும்.

துடைத்த துணியைக் குவித்து வைக்கக் கூடாது, ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துப் போட வேண்டும். ஒருதரம் பொங்கல் அவசரத்தில் புதுப் பையன் ஒருவன் மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் சுருட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். யாரும் தீக்குச்சியே கிழிக்கவில்லை, துணிக் குவியல் தன்பாட்டில் சூடேறிப் புகைய ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி வெறுங்காலால் அதை முற்றத்துக்கு உதைத்துத் தள்ளினார். அன்றைக்கு மட்டும் அவர் வேட்டி கறுத்தது. அந்தப் பையனை யாரும் அடிக்கவில்லை, முதுகையே பார்க்க வைத்தார்.

சரி, டீ சட்டத்துக்கு வருகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற டீச்சரம்மா ஒருவர் பட்டறைக்கு வந்தார். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அவரும் அப்பாவும் மட்டும்தான். அப்பா கோயில் மடப்பள்ளியில் காலமெல்லாம் தளிகை பண்ணி ஓய்ந்தவர். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் தரையில் சம்மணம் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து தரையில் இலை போட்டுச் சாப்பிட்டவர். கட்டிலில் உட்கார்த்தி மடியில் தட்டை வைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "நோயாளி சாப்பாடு" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாராம். ஆள் பாதியாகிவிட்டார், சென்னையில் இருக்கிற அண்ணன் அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறான், ஊரை விட்டுப் போனால் அவர் அங்கே ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்றார் டீச்சரம்மா. அதனால் ஒரு சாப்பாட்டு மேஜை வேண்டும். கஷ்டப்பட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறார், ஆனால் அப்பா ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்.

கண்டிஷன் என்னவென்றால், ஸ்பிரிட் பாலிஷ் கூடாது. சாராயத்தில் ஊறிய பலகையில் சாப்பிட மாட்டாராம். ஸ்பிரே அடிப்பது பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற மாதிரி, அதுவும் கூடாது. அப்படியானால் எண்ணெய்தான் என்று மேஸ்திரி சொன்னார்.

தேக்குப் பலகை, வேப்பங்கால். நான்தான் செய்தேன், நன்றாகவே வந்தது. கொண்டுபோய் இறக்கிய அன்றைக்குப் பெரியவர் புறங்கையால் மேஜையைத் தடவிப் பார்த்தார். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார், அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் தேய்ங்க. செத்த நேரம் ஊற விடுங்க. பொறவு எடுத்துருங்க. அம்புட்டுதான்."

பெரியவர் தலையாட்டினார், டீச்சரம்மா தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நானும் ஆட்டினேன்.

அந்த மேஜையில் பெரியவர் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று டீச்சரம்மா ஒருநாள் பால்கோவா வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் சில மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் வந்தார், கையில் பால்கோவா இல்லை. மேஜை கெட்டுப் போய்விட்டது, அப்பா திரும்பக் கட்டிலுக்கே போய்விட்டார், சாப்பாடும் பழையபடி ஆகிவிட்டது, பொங்கல் கழித்து அண்ணன் வருகிறான் என்றார். என்ன ஆச்சு என்று மேஸ்திரி கேட்டதற்கு, "நீங்களே வந்து பாருங்கோ, எனக்குச் சொல்லத் தெரியல்லே" என்று மட்டும் சொன்னார்.

மேஸ்திரியும் நானும் போனோம். வாசலிலேயே வாடை தெரிந்துவிட்டது. பழைய எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் மூடி வைத்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. மேஜையில் கை வைத்தேன், உள்ளங்கை ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று வந்தது. ஓரத்தில் எறும்புச் சாரி. வாழை இலை போட்டு எடுத்த இடத்தில் இலையின் தோல் ஒட்டிக் கிடந்தது. மரம் சொரசொரவென்று எழுந்து நின்றது. ஆணி அடித்த இடமெல்லாம் கறுத்து மை வைத்த மாதிரி இருந்தது. நானாக இருந்தாலும் அதில் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. பெரியவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஜைக்கு நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறார். மாசத்துக்கு ஒருக்கா என்று சொன்னது அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டிருக்கிறது. தேய்த்து ஒரு மணி நேரம் ஊற வைத்துவிட்டு, சீயக்காயைக் கரைத்து ஊற்றி எண்ணெயை எடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏன்ப்பா, மேஜைக்கு யாராவது சீயக்காய் போடுவாளா? ஊர் சிரிக்கிறது" என்றார் டீச்சரம்மா. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது, அது கோபமாக வெளியே வந்தது.

பெரியவர் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே பேசினார்.

"எண்ணெய்ன்னா என்ன? எள்ளோட நெய், அதான் எண்ணெய். மத்ததுக்கெல்லாம் பேர் இருக்கு. தேங்காயெண்ணெய்னு சொல்லணும், வேப்பெண்ணெய்னு சொல்லணும். பேரே சொல்லாம எண்ணெய்ன்னா அது எள்ளு ஒண்ணுதான். நீங்க தேய்க்கச் சொன்னேள், தேய்ச்சேன். ஊற வைக்கச் சொன்னேள், வெச்சேன். எடுக்கச் சொன்னேள். எண்ணெயைச் சீயக்காய் போடாம எப்படி எடுக்கறது? இதுல நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

மார்கழி வந்தால் நாச்சியாருக்கே எண்ணெய்க் காப்பு நடக்கிற ஊர் அது. அந்த ஊரில் ஒரு மனுஷரிடம் போய் எண்ணெய் தேய்த்து ஊற வைத்து எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் வேறு என்ன செய்வார்? எங்களுக்குப் பட்டறைக்குள் எண்ணெய் என்றால் லின்சீட். பட்டறை வாசலைத் தாண்டினால் அந்த வார்த்தைக்கு வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேஸ்திரி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சாமி சொல்றதுதான் சரி. தப்பு எங்க வாயில இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்ததும், இனி பட்டறையில் எவனாவது பேர் சொல்லாமல் எண்ணெய் என்று சொன்னால் அவன்தான் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்றார். "மொதல்ல சொன்னது நீங்கதானே மேஸ்திரி" என்றேன். பஸ் ஸ்டாண்டில் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். சட்டம் பிறந்தது அங்கேதான்.

மேஜையை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. மேலே சன்மைக்கா ஒட்டிவிடலாம் என்றார் டீச்சரம்மா. பலகையையே மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பெரியவர் சனிக்கிழமை சனிக்கிழமை அந்த மேஜையோடு பட்டபாட்டை டீச்சரம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். கரண்டி பிடித்த கை, வீட்டில் சும்மா கிடந்தது. வாரத்துக்கு ஒருநாள் அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மூலை விடாமல் தேய்ப்பாராம். பலகையை மாற்றிக் கொண்டுவந்து போட்டால், நீ செய்தது எல்லாம் தப்பு, இனிமேல் தொடாதே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டுகிற மாதிரிதானே? நான் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். மேஸ்திரி யோசித்தார். "ஏட்டி மாரி, அது காயாத எண்ணெய். எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும்" என்றார். பிறகு முதலாளியிடம் போய் எனக்காகப் பேசினார்.

மேஜையைப் பின்கட்டில் போட்டு வேலையைத் தொடங்கினேன். மேலே இருந்த பிசினை மழுங்கல் தகட்டால் வழித்து எடுத்தேன். டர்பன்டைனை பேண்டேஜ் துணியில் நனைத்துத் துடைத்தேன், துணியைப் புரட்டிப் புரட்டி, அழுக்கு வராத வரை. சாயங்காலம் பார்த்தால் மரம் சுத்தமாக, வெளுப்பாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ரேகைகளுக்குள் இருந்து எண்ணெய் திரும்ப வியர்த்து மேலே வந்து நிற்கிறது. திரும்பத் துடைத்தேன், திரும்ப வியர்த்தது. மூன்றாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேஸ்திரி சொன்ன எலும்பு ஞாபகம் வந்தது.

பெரியவர் அதுவரை என்னோடு பேசவில்லை. டர்பன்டைன் வாடைக்கு மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, வடையை எடுத்துக் காகிதத்துல போடறோமே, எப்போ போடறோம்?"

"சுட்டதும் போடுவோம் சாமி."

"ஆறினப்பறம் போட்டா?"

"எண்ணெய் இறங்காது" என்று சொல்லிவிட்டு, எந்த எண்ணெய் என்று சொல்லாமல் விட்டதற்காக என்னையே நொந்துகொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நீ ஆறின வடையைத் தொடைச்சிண்டிருக்கே" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாலிஷ் வேலையில் மரக்கண் அடைக்கிற சாக் பவுடர் பட்டறையில் மூட்டையாகக் கிடந்தது. மறுநாள் கொண்டுவந்து மேஜைமேல் கனமாகப் பரப்பி, மேலே பேண்டேஜ் துணியை விரித்து, டீச்சரம்மாவின் இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக அழுத்தினேன். டர்பன்டைன் பக்கத்தில் சூடு ஆகாது என்று அந்தப் புட்டியையும் துணிகளையும் முதல்நாளே வெளியேற்றி, மேஜையை நன்றாகக் காற்றாட விட்டிருந்தேன். சூடு ஏற ஏற வெள்ளைப் பொடி மஞ்சளாகிப் பழுப்பாகியது. மரம் கக்குகிறது. துடைத்துவிட்டுப் புதுப் பொடி போட்டேன். திரும்ப மஞ்சள். பெரியவர் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். "கொண்டா" என்று இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பொடி போடுவது நான், சூடு வைப்பது அவர். சூட்டின் அளவு அவருக்குக் கையிலேயே இருந்தது, ஓர் இடத்திலும் மரம் கருகவில்லை. போதும் என்று அவர் சொல்கிற வரை நான் பொடியைத் துடைக்கக் கூடாது என்று ஒரு அதிகாரம் வேறு வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. மடப்பள்ளியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பாவம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போல அப்படிச் செய்தோம். ஒருநாள் காலையில் மேஜை வியர்க்காமல் இருந்தது. மறுநாளும் வியர்க்கவில்லை. உப்புத்தாள் போட்டேன், ஆணியிடத்துக் கறுப்பைச் சுரண்டி எடுத்தேன், சீயக்காய்த் தண்ணீர் வழிந்து திட்டுத் திட்டாகிப் போன கால்களுக்குத் திரும்ப அம்பர் கலர் கொடுத்தேன். பிறகு லின்சீட், மெல்லிசாக முதல் பூச்சு. பச்சை லின்சீட் ஆயிற்றே, காய்வேனா என்றது. பெரியவருக்கு அவசரம். அண்ணன் வருகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் "ஆச்சா?" என்பார். நான் புறங்கையால் தடவிப் பார்ப்பேன், மேஸ்திரியால் எனக்குப் பழக்கமாகிப் போன வார்த்தை வரும்: "ஆகு, சாமி."

ஒருநாள் கேட்டார், "இது என்ன ஆகு? ஆகும்ங்கறியா, நில்லுங்கறியா?"

"ரெண்டும்தான் சாமி" என்றேன். தலையாட்டிவிட்டு நாற்காலிக்குப் போனார்.

பொங்கலுக்கு முன்னால் மேஜை முடிந்தது. வாடை இல்லை, பிசுக்கு இல்லை. புறங்கை வழுக்கிக்கொண்டு போனது. ஒரு புட்டியில் லின்சீட் ஊற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பெரியவர் கையில் கொடுத்தேன்.

"சாமி, இது ஆளி விதை எண்ணெய். மாசத்துக்கு ஒருக்கா, பொட்டுப் பொட்டா தொட்டுத் தேய்ங்க. ஊறினதும் காஞ்ச துணியால தொடைச்சிருங்க. சீயக்காய் வேண்டாம். தொடைச்ச துணியைச் சுருட்டி வைக்காம கொடியில விரிச்சுப் போட்டுருங்க" என்றேன்.

"ஆளி விதை எண்ணெய்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இப்போதான் பேரோட குடுத்திருக்கே" என்றார். புட்டியை அலமாரியில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்கப் போன டீச்சரம்மாவை நிறுத்தி, வேறு தட்டில் வைக்கச் சொன்னார்.

நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். வேலை நடந்த நாளெல்லாம் அங்கே கொய்யா மரத்தடியில்தான் சாப்பாடு. அந்த வீட்டில் என்னிடம் யாரும் முகம் சுளித்ததில்லை, ஆனால் உள்ளே வந்து சாப்பிடு என்று யாரும் சொன்னதும் இல்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. சில வீடுகள் அப்படி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்குப் பெரியவர் கூப்பிட்டார். போனால் மேஜையில் இரண்டு இலை போட்டிருந்தது. டீச்சரம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"உட்காரு" என்றார்.

"இருக்கட்டும் சாமி, நான் வெளியே…" என்று இழுத்தேன்.

"தரையில பந்திக்கு ஆயிரம் கட்டு உண்டு. அதெல்லாம் எனக்கு மனப்பாடம். மேஜைக்குன்னு ஒருத்தரும் எதுவும் எழுதி வைக்கல்லே. உட்காரு. எதிர்ல ஆள் இல்லாம எனக்கு இறங்க மாட்டேங்கறது."

உட்கார்ந்தேன். எத்தனையோ மேஜை தேய்த்திருக்கிறேன், நான் தேய்த்த மேஜை ஒன்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புளியோதரையும் தயிர்சாதமும். மடப்பள்ளிக்காரர் பக்கத்தில் நின்று மகளுக்குச் சொல்லச் சொல்லச் செய்தது. நான் இலையைப் பார்த்தே சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார். கொஞ்சம் தயிர் சிந்தியது. நான் அனிச்சையாக முந்தானையை எடுத்தேன், அவர் தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, புறங்கையால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு இலையை வழித்து முடித்து, நிமிர்ந்து, "இன்னும் ஒரு கை சாதம் போடேன்" என்றார்.

டீச்சரம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அடுக்களைக்குள் போனார். சாதம் மேஜை மேலேயேதான் இருந்தது. அவர் திரும்பி வரச் செத்த நேரம் ஆனது, நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.